சொல் விளக்கம்: எழுப்புதல்

"எங்கள் சபையில் எழுப்புதல் வந்துவிட்டது" என்று ஒரு போதகர் சொன்னால், அடுத்த வாக்கியம் பெரும்பாலும் நாற்காலியைப் பற்றியதாக இருக்கும். போன வருடம் இருநூறு போட்டோம், இந்த வருடம் நானூறும் போதவில்லை, இரண்டாம் ஆராதனை தொடங்கிவிட்டோம் என்பார். இந்தச் சொல்லின் பிறப்பில் நாற்காலிக்கு இடமே இல்லை.

சோர்ந்துபோன விசுவாசம் திரும்ப உயிர்பெறுவதற்குக் கிறிஸ்தவர்கள் வைத்த பெயர் இது. ஆங்கிலத்தில் ரிவைவல். இலத்தீனில் 'ரே' என்றால் மீண்டும், 'விவெரே' என்றால் வாழ்தல். உயிரோடு இருந்து, அது மங்கிப்போன ஒன்றுக்கே இந்தச் சொல் பொருந்தும். அதாவது பேச்சு புதிதாக வந்தவரைப் பற்றியதல்ல, ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பவரைப் பற்றியது.

தமிழ்ச் சொல்லும் அப்படித்தான். எழு என்பது தன்வினை, எழுப்பு என்பது பிறவினை. தானாகக் கிளம்பினால் எழுச்சி. இன்னொருவர் தட்டி எழுப்பினால் எழுப்புதல். தூங்குகிறவன் தன்னைத் தானே எழுப்பிக்கொள்ள முடியாது, எழுப்புகிறவர் கடவுள் என்ற இறையியல் முழுவதும் அந்தப் பிறவினைக்குள் இருக்கிறது. தேதி குறித்து, மேடை போட்டு, சுவரொட்டி ஒட்டி நடத்தும் 'எழுப்புதல் பெருவிழா'வைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வருவது இதனால்தான்.

ஆள் கூடுவதற்கு வேதாகமத்திலேயே வேறு சொல் உண்டு. அப்போஸ்தலர் 6:7இல் சீஷருடைய தொகை "மிகவும் பெருகிற்று". அது பெருக்கம். நல்ல செய்திதான். ஆனால் பக்கத்துத் தெரு சபையிலிருந்து நாற்பது குடும்பம் மாறி வந்தாலும் இங்கே பெருக்கம்தான். அங்கே அதற்கு 'ஆடு திருடுதல்' என்று பெயர்.

இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, பிறகு அதை ஒப்புக்கொண்டவர் போதகர் ஜொனாதன் எட்வர்ட்ஸ். அமெரிக்காவின் நார்த்தாம்ப்டன் ஊரில் 1734-35இல் அவர் சபையில் பெரும் எழுப்புதல். சுமார் 200 குடும்பங்கள் கொண்ட ஊரில், அரை வருடத்தில் 300 பேருக்கு மேல் மனந்திரும்பியதாக அவரே எழுதினார். 1746இல், கண்ணீர், நடுக்கம், உற்சாகப் பேச்சு எதுவும் தன்னளவில் உண்மையான பக்திக்கு அத்தாட்சி ஆகாது என்று தனி நூலே எழுதவேண்டி வந்தது. திருவிருந்தில், அதாவது சபையார் அப்பமும் ரசமும் பகிரும் சடங்கில், யார் பங்கு பெறலாம் என்ற தகராறில் 1750இல் அதே சபை அவரை வெளியேற்றியது. அடுத்த ஆண்டு ஒரு கடிதத்தில், உண்மையாக மனந்திரும்பியவர்கள் அப்போது நினைத்த அளவுக்கு இல்லை என்று எழுதினார். எண்ணியவரே எண்ணிக்கையைத் திருத்திய இடம் அது.

வேல்ஸ்காரர்களின் சொல் இன்னும் கறாரானது. 1904-05இல் இவான் ராபர்ட்ஸ் என்ற முன்னாள் சுரங்கத் தொழிலாளியின் பெயரோடு பரவிய எழுப்புதலை அவர்கள் 'டிவகியாட்' என்கிறார்கள். அதன் பொருள் சீர்திருத்தம். மார்ட்டின் லூத்தர் காலத்துத் திருச்சபைச் சீர்திருத்தத்துக்கும் அதே சொல்தான். பழைய கடன் அடைந்தது, மதுக்கடையில் கூட்டம் குறைந்தது, சுரங்கத்தில் வசவு குறைந்தது என்றுதான் அந்த நாட்களைச் சொல்வார்கள். சில ஆண்டுகளில் வருகை சரியத் தொடங்கியது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

நம் பக்கத்தில் 1860இல் திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் என்ற ஊழியர் வழியாக எழும்பிய இயக்கத்திலும், முதலில் பேசப்பட்டது மக்கள் அழுது பாவங்களை அறிக்கையிட்டதுதான்.

சரியான தமிழ் எது? 'எழுப்புதல்' விழிப்பைச் சொல்கிறது, உயிரைச் சொல்லவில்லை. தமிழ் வேதாகமம் "எங்களைத் திரும்ப உயிர்ப்பிக்கமாட்டீரோ?" என்கிறது (சங்கீதம் 85:6). எசேக்கியேல் தீர்க்கதரிசி தரிசனத்தில் கண்ட பள்ளத்தாக்கிலும் எலும்புகள் கூடின, நரம்பும் மாம்சமும் தோலும் வந்தன, "ஆனாலும் அவைகளில் ஆவி இல்லாதிருந்தது". கூட்டம் முழுவதும் கூடியாயிற்று, உயிர்தான் பாக்கி. அதனால் 'உயிர்ப்பு' என்று எழுதலாமே என்று தோன்றும். கத்தோலிக்கர்கள் அதை இயேசு உயிர்த்தெழுந்ததற்கு வைத்திருக்கிறார்கள். உயிர்ப்பு ஞாயிறு என்றால் ஈஸ்டர். குழப்பமில்லாமல் எழுத 'உயிர்மீட்சி' இருக்கிறது. சில சபைகளில் பழகிய சொல்தான், இன்னும் சுவரொட்டிக்காரர்கள் அதிகம் தொடாத சொல்லும்கூட.