புடைத்த தழும்பின் மேல் பூண்டு தேய்ப்பதற்கு முன்

மார்பில் பரு ஆறிய இடம், காது குத்திய துளையின் பின்புறம், தையல் போட்ட கோடு. இங்கெல்லாம் தடித்துப் புடைத்த தழும்போடு என்னைப் பார்க்க வருபவர்களில் பலர், மாதக்கணக்கில் வீட்டு வைத்தியம் செய்து பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். எலுமிச்சைச் சாறு, பூண்டு விழுது, வினிகர், சமையல் சோடா, பொடித்த ஆஸ்பிரின் மாத்திரை என்று பட்டியல் நீளும். தழும்பு அப்படியே இருக்கும். அதன் மேல் புதிதாக ஒரு புண்ணும் வந்திருக்கும். தழும்பைவிட அந்தப் புண்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது.

காயம் பட்டதும் தோலின் ஆழத்திலுள்ள செல்கள் கொலாஜன் என்னும் புரதநாரை உற்பத்தி செய்து பிளவை அடைக்கின்றன. அடைத்து முடிந்ததும் அந்த வேலை ஓய வேண்டும். சிலருடைய தோலில் அது ஓய்வதில்லை. நார் குவிந்துகொண்டே போகிறது. அளவுக்கு மீறி ஆறிய காயமே புடைத்த தழும்பு. அப்படிப்பட்ட தோலில் எரிச்சலையோ கொப்புளத்தையோ உண்டாக்கினால், இன்னொரு முறை ஆறச் சொல்லித் தூண்டுகிறோம் என்று பொருள்.

‘எனக்கு எலுமிச்சையிலேயே அமுங்கிவிட்டதே’ என்று சிலர் சொல்வது பொய்யல்ல. புடைத்த தழும்பில் இரண்டு வகை உண்டு. ஹைபர்டிராபிக் தழும்பு காயத்தின் எல்லைக்குள்ளேயே நிற்கும். மாதங்கள் செல்லச் செல்ல, சிலருக்கு ஓரிரு ஆண்டுகளில், பெரும்பாலும் தானாகவே தணியும். அந்தக் காலத்தில் எதைத் தடவியிருந்தாலும் புகழ் அதற்குப் போய்விடும். கெலாய்டு வேறு வகை. காயத்தின் எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள் பரவும், அரிக்கும், வலிக்கும், தானாக அடங்குவது அரிது. கருநிறத் தோல் உள்ளவர்களுக்கும், பத்து முதல் முப்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கும், குடும்பத்தில் யாருக்காவது இருந்தவர்களுக்கும் அது வரும் வாய்ப்பு அதிகம்.

பச்சைப் பூண்டை அரைத்து வைத்துக் கட்டினால் தோல் வெந்துபோகும். எலுமிச்சைச் சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் கொப்புளமும், அதன்பின் மாதக்கணக்கில் மறையாத கருமையும் வரலாம். வைட்டமின் ஈ எண்ணெயைப் பலரும் நம்புகிறார்கள். 1999-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் அதைத் தடவியவர்களில் பெரும்பாலோருக்குத் தழும்பின் தோற்றம் மேம்படவில்லை. மூன்றில் ஒரு பங்கினருக்கு ஒவ்வாமைத் தடிப்பு வந்தது. தேங்காய் எண்ணெயையும் கற்றாழையையும் நான் தடுப்பதில்லை. வறட்சி குறையும், அரிப்பு தணியும், இரவில் சொறியாமல் தூங்கலாம். தழும்பு தட்டையாகும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

வீட்டிலேயே செய்யக்கூடியவற்றில் நான் முதலில் சொல்வது சிலிக்கான் ஜெல் அல்லது சிலிக்கான் பட்டை. மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கும். காயம் முழுமையாக மூடிய பிறகுதான் தொடங்க வேண்டும். பட்டையை நாள்தோறும் 12 மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதங்களாவது ஒட்டியிருக்க வேண்டும். தினமும் பட்டையையும் தோலையும் கழுவித் துடைக்காவிட்டால் வேர்க்குரு போலப் பொரியும்; பொரிந்தால் சில நாள் நிறுத்துங்கள். ஒரு வாரம் ஒட்டிவிட்டுப் பலனில்லை என்று கைவிடுபவர்களைப் பார்க்கும்போதுதான் வருத்தமாக இருக்கிறது. மூடிய காயத்தை மாய்ஸ்சரைசர் தொட்டு மெதுவாக அழுத்தி நீவிவிடுவதும், வெயில் படாமல் காப்பதும், தோள், மார்பு போன்ற இடங்களில் தையல் இழுபடாமல் பார்த்துக்கொள்வதும் உதவும்.

கெலாய்டுக்கு இவை மட்டும் போதாது. தழும்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுகிறோம், வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை. வலிக்கும், சிலருக்கு அந்த இடம் மெலியும் அல்லது வெளுக்கும். இருந்தாலும் அரிப்பும் புடைப்பும் குறைவதைப் பலரிடம் பார்க்கிறோம். வெட்டி எடுத்துவிடுங்கள் என்று கேட்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும்: வேறு சிகிச்சை சேர்க்காமல் வெட்டி மட்டும் எடுத்த கெலாய்டுகளில் பாதியோ அதற்கு மேலோ திரும்ப வளர்கின்றன, சில நேரம் முன்பைவிடப் பெரிதாக. நூலால் இறுகக் கட்டுவதையும் பிளேடால் சீவுவதையும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

காயமே பட்டதாக நினைவில்லாத இடத்தில் கட்டி வளர்ந்தாலோ, தழும்பு வேகமாகப் பெருத்தாலோ, புண்ணாகி இரத்தம் கசிந்தாலோ காத்திருக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். அரிதாகச் சில தோல் புற்றுநோய்களும் தழும்பைப் போலவே தோன்றும்.

ஒரு கெலாய்டு ஏற்கெனவே இருப்பவர்கள் புதிதாகக் காது, மூக்கு குத்துவதையும் பச்சை குத்துவதையும் தவிர்ப்பது நல்லது. எந்த அறுவை சிகிச்சையானாலும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தையல் இழுபடாதபடி போடவும், காயம் மூடியவுடன் சிலிக்கானைத் தொடங்கவும் அவர் திட்டமிட முடியும்.