சிம்பு வேறு, மாவுக்கட்டு வேறு

‘முறிந்த கைக்கு மாவுக்கட்டு போட்டு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும்’ என்று முதலுதவிக் குறிப்புகளில் எழுதுகிறார்கள். விபத்து நடந்த இடத்தில் மாவுக்கட்டு போட முடியாது, போடவும் கூடாது. ஆங்கில மூலத்தில் இருப்பது ஸ்பிளிண்ட் (splint), முறிந்த உறுப்பு அசையாமல் தாங்க வைத்துக் கட்டும் பட்டை. அதற்குத் தமிழ்ச் சொல் சிம்பு.

பிளந்த மரச்சிராய் என்பது சிம்பின் முதற்பொருள். ஸ்பிளிண்ட் என்பதும் பிளத்தலோடு உறவுடைய சொல்தான். மூங்கில் பிளாச்சைச் சுட்டும் தப்பை என்ற சொல்லும் ஸ்பிளிண்ட் என்ற பொருளில் வழங்குகிறது. இன்று அலுமினியத்திலும் ஃபைபர்கிளாஸிலும் செய்வதால் சிம்பு என்பதே பொதுவாக நிற்கும்.

மாவுக்கட்டு உறுப்பைச் சுற்றிலும் மூடி இறுகும் ஓடு. சிம்பு ஒருபக்கமோ இருபக்கமோ நின்று தாங்கும், மற்றபடி துணிக்கட்டுதான். அடிபட்ட உறுப்பு முதல் 2, 3 நாட்கள் வீங்கும். சிம்பென்றால் வீக்கத்துக்கு இடமிருக்கும், கட்டைத் தளர்த்தலாம். முழு மாவுக்கட்டு விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் தடைபட்டால் சில மணி நேரத்திலேயே தசை சாகத் தொடங்கும். பெரும்பாலும் முதலில் ஸ்லாப் (ஒருபக்கமாக வைத்துக் கட்டும் மாவுப்பட்டை) போட்டு, வீக்கம் வடிந்தபின் முழுக்கட்டு போடுவது இதனால்தான். ஸ்லாபும் மாவுதானே என்பார்கள். மாவுதான், பெரியவர்களுக்குக் கையென்றால் 8 முதல் 10 மடிப்பு, காலென்றால் 12 முதல் 15 மடிப்பு மாவுத்துணி. ஆனால் அது உறுப்பைச் சுற்றி மூடுவதில்லை. ஆகவே அது மாவுச்சிம்பு. செய்த பொருளைப் பார்த்துப் பெயர் வைத்தால் செய்யும் வேலை மறைந்துவிடும்.

சிம்பு முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகளைத் தாண்டி நீள வேண்டும். முன்கை முறிந்தால் முழங்கையும் மணிக்கட்டும் அசையக்கூடாது. இடையில் பஞ்சோ மடித்த துணியோ வேண்டும். முறிந்த இடத்தின் மேலேயே கட்டக்கூடாது. முடிச்சு சிம்பின் மேல் விழ வேண்டும். விரல்நுனிகள் வெளியே தெரியட்டும். அவை மரத்தாலோ குளிர்ந்து நீலம் பாரித்தாலோ உடனே கட்டைத் தளர்த்த வேண்டும். மாவுக்கட்டு என்று படித்தவர் எதைத் தளர்த்துவார்?

இதைவிட மோசம், இயந்திர மொழிபெயர்ப்பு தரும் ‘பிளவு’. ‘காலுக்குப் பிளவு வைக்கவும்’ என்று அப்படியே அச்சாகிறது. எலும்பில் பிளவு என்றால் விரிசல். காயத்தின் பெயரையே அதைத் தாங்கும் கட்டைக்கும் வைத்துவிட்டு, படித்துப் பார்க்காமல் வெளியிடுகிறார்கள். மருத்துவக் குறிப்பில் இது பொறுத்துக்கொள்ளக்கூடிய பிழை அல்ல.