கிரேடு: மதிப்பெண் அல்ல, தரநிலை

இங்கிலாந்தில் மேற்படிப்புக்குச் சேர விரும்பும் மாணவர்களுக்கான தமிழ்க் குறிப்பு ஒன்று சரிபார்ப்புக்காக என்னிடம் வந்தது. நடுவில் ஒரு வரி: "ஆங்கிலத்திலும் கணிதத்திலும் குறைந்தது 4 மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும்." படிக்கும் பெற்றோர் என்ன நினைப்பார்? நூற்றுக்கு நாலு எடுத்தால் போதுமா என்று திகைப்பார். அல்லது பத்துக்கு நாலு என்று தாமாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொள்வார். இரண்டுமே தவறு. மூலத்தில் இருந்தது கிரேடு 4. அங்கே பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வில் 9 தொடங்கி 1 வரை ஒன்பது கிரேடுகள். 2017இல் முதன்முதலாக இம்முறை வந்தது ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும்தான். 9 உச்சம். 4 வழக்கமான தேர்ச்சி, 5 வலுவான தேர்ச்சி. எண்ணைக் கண்டதும் மொழிபெயர்த்தவரின் கை மதிப்பெண்ணைத் தேடிப் போயிருக்கிறது. கிரேடு என்பதை எப்போதும் மதிப்பெண் என்றே எழுதிப் பழகியதன் விளைவு இது.

சொல்லின் வேரைப் பார்த்தால் குழப்பம் தெளியும். இலத்தீன் மொழியில் 'கிராடுஸ்' என்றால் எடுத்து வைக்கும் அடி. அந்த அடி போய் ஊன்றும் படி. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து கிரேடு ஆயிற்று. டிகிரிக்கும் இதே வேர்தான். கிராஜுவேட் என்பவர் ஒரு படி ஏறியவர். சென்டிகிரேடு என்பதில் இருப்பது நூறு படி. ஆக, கிரேடு என்னும் சொல்லுக்குள் இருப்பது படிக்கட்டு. எண்ணிக்கைக்கு அதில் இடமே இல்லை.

மார்க் வேறு குடும்பம். பழைய ஆங்கிலத்தில் அதற்கு எல்லை என்றும் அடையாளம் என்றும் பொருள். தமிழில் நாம் அதற்கு வைத்திருக்கும் மதிப்பெண், என் பார்வையில், மூலத்தைவிடத் தெளிவான சொல். மதித்தல் என்றால் அளந்து விலை சொல்வது. மதிப்பு, எண் இரண்டும் சேர்ந்து மதிப்பெண். ஒரு விடைத்தாள் எவ்வளவு பெறும் என்று மதித்து எழுதிய எண். அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. இலங்கையில் இதையே புள்ளி என்கிறார்கள். அதுவும் நல்ல சொல்தான்.

மதிப்பெண் எழுதியாகிவிட்ட பிறகுதான் கிரேடின் வேலை தொடங்குகிறது. சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் 2010 முதல் 2017 வரை மாணவர் கையில் கிடைத்த முடிவுத்தாளில் மதிப்பெண் இருக்காது. 91 முதல் 100 வரை ஏ1, 81 முதல் 90 வரை ஏ2 என்று கிரேடு மட்டுமே இருக்கும். 91 எடுத்தவரும் 100 எடுத்தவரும் ஒரே படியில் நின்றார்கள். 90 எடுத்தவர் ஒரு படி கீழே நின்றார். ஒன்பது மதிப்பெண் வேறுபாடு மறைந்துபோகிறது, ஒற்றை மதிப்பெண் வேறுபாடு பெரிதாகிவிடுகிறது. கிரேடுக்கு மாற்றாக மதிப்பெண் என்று எழுதினால் இந்த விசித்திரம் வாசகருக்குத் தெரியவே தெரியாது. படி என்று சொன்னால் உடனே புரியும். படியின் ஓரத்தில் நின்றாலும் நடுவில் நின்றாலும் உயரம் ஒன்றுதான்.

எண்ணால் பெயர் வைத்த கிரேடுகள் இன்னும் ஏமாற்றும். இங்கிலாந்தில் 9 உச்சம் என்றேன். சிங்கப்பூரின் சாதாரண நிலைத் தேர்வில் ஏ1 உச்சம், எஃப்9 அடிமட்டம். அங்கே எண் குறையக் குறையச் சிறப்பு. ஜெர்மனியில் பள்ளிப் படிப்பை முடிக்கும் அபிட்டூரில் ஒவ்வொரு பாடத்துக்கும் 0 முதல் 15 வரை புள்ளி. அங்கே 15 உச்சம். ஆனால் கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்கும் சராசரியில் 1.0தான் உச்சம். ஒரே சான்றிதழில் ஓரிடத்தில் ஏறும் எண், இன்னோரிடத்தில் இறங்கும் எண். அந்த எண்கள் அளவுகள் அல்ல, படிகளின் பெயர்கள். இதைத் தமிழில் சொல்ல ஒரு தனிச்சொல் கட்டாயம் வேண்டும்.

படிகளை யார், எங்கே வெட்டுகிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 91க்கு மேல் ஏ1 என்று முன்கூட்டியே கோடு போட்டுவிடுவது ஒரு வழி. எழுதியவர்களை ஒருவரோடொருவர் ஒப்பிட்டு வெட்டுவது இன்னொரு வழி. இன்றைய சி.பி.எஸ்.இ. வாரியத் தேர்வில் ஒவ்வொரு பாடத்திலும் தேர்ச்சி பெற்றவர்களை வரிசைப்படுத்தி, மேலே உள்ள எட்டில் ஒரு பங்கினருக்கு ஏ1, அடுத்த எட்டில் ஒரு பங்கினருக்கு ஏ2 என்று டி2 வரை போகிறார்கள். ஒரு பாடத்தில் 8,000 பேர் தேறியிருந்தால் முதல் 1,000 பேர் அளவுக்கு ஏ1. ஆயிரமாவது ஆள் 97 எடுத்திருந்தால் கோடு 97இல் விழும். 82 எடுத்திருந்தால் 82இல் விழும். "தொண்ணூறு எடுத்தும் ஏன் ஏ1 இல்லை?" என்று ஆண்டுதோறும் வீடுகளில் எழும் கேள்விக்கு விடை இதுதான். பிள்ளை சரிந்துவிடவில்லை. அந்தப் பாடத்தில் அந்த ஆண்டு படி உயர்ந்துவிட்டது.

இங்கிலாந்தில் பள்ளிப் படிப்பின் முடிவில் எழுதும் ஏ லெவல் தேர்விலும் 1963 முதல் 1987 வரை இப்படித்தான் பங்கு வைத்திருந்தார்கள். முதல் 10 விழுக்காட்டினருக்கு ஏ, அடுத்த 15 விழுக்காட்டினருக்கு பி. ஒரு தலைமுறை முழுக்க நன்றாகப் படித்து எழுதியிருந்தாலும் ஏ வாங்குவோரின் பங்கு கூடவே கூடாது. பிறகு அதைக் கைவிட்டு, விடையின் தரத்தைப் பார்த்துத் தேர்வாளர்கள் கோட்டை முடிவுசெய்யும் முறைக்கு வந்தார்கள். ஆனால் பங்கு வைக்கும் எண்ணம் எளிதில் விடுவதில்லை. 2020இல் பெருந்தொற்றால் தேர்வு நடக்காமல் போனபோது, ஒவ்வொரு பள்ளியின் முந்தைய ஆண்டு முடிவுகளையும் வைத்து எந்தப் படியில் எத்தனை பேர் நிற்கலாம் என்று கணினிச் சூத்திரம் ஒன்று முடிவுசெய்தது. ஆசிரியர்கள் கணித்துக் கொடுத்த கிரேடுகளில் ஏறக்குறைய 40 விழுக்காடு கீழே இறக்கப்பட்டன. ஆகஸ்ட் 13இல் முடிவு வந்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 17ஆம் தேதி அதைத் திரும்பப் பெற்று ஆசிரியர் கணிப்பையே ஏற்றார்கள். தேர்வே எழுதாதவர்களுக்கும் கிரேடு கொடுக்க முடிந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். மதிப்பெண் என்று ஒன்று அங்கே இருக்கவே இல்லை.

இலங்கையின் உயர்தரத் தேர்வில் ஏ, பி, சி, எஸ் என்று கிரேடுகள் உண்டு. ஆனால் பல்கலைக்கழக வாசலில் கேட்பது அவற்றை அல்ல, இசட் புள்ளியை. 2001 முதல் இந்த ஏற்பாடு. ஒரு பாடத்தில் எல்லாரும் எடுத்த சராசரி 40, புள்ளிகளின் பரவல், அதாவது அவை சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரந்து கிடக்கின்றன என்னும் அளவு (ஸ்டாண்டர்ட் டீவியேஷன்), 15 என்று வைத்துக்கொள்வோம். அதில் 70 எடுத்தவர் சராசரியைவிட 30 கூடுதல். பரவலால் வகுத்தால் இசட் புள்ளி 2. இன்னொரு பாடத்தில் சராசரி 60, பரவல் 10. அதில் 75 எடுத்தவருக்கு 1.5தான். கடினமான பாடத்தில் எடுத்த 70, எளிதான பாடத்தில் எடுத்த 75ஐ முந்திவிடுகிறது. மூன்று பாடங்களின் சராசரி வந்ததும், இடம் கிடைக்கக் குறைந்தது எடுக்க வேண்டிய வெட்டுப்புள்ளி எவ்வளவு என்பதுதான் வீட்டுப் பேச்சு. இசட் புள்ளி கிரேடு அல்ல; அதில் படியே இல்லை, வழுக்கிக்கொண்டே போகும் அளவு. ஆகவே அதைப் புள்ளி என்று இலங்கைத் தமிழர் அழைப்பது மிகச் சரி.

இனி, கிரேடுக்குத் தமிழ். தரம் என்ற சொல்தான் பலருக்கும் முதலில் தோன்றும். முதல் தரம், இரண்டாம் தரம் என்று காலங்காலமாகச் சொல்கிறோம். ஆனால் இலங்கைப் பள்ளிகளில் தரம் என்றால் வகுப்பு. தரம் 5 புலமைப்பரிசில் என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் தேர்வு. அங்கே "கணிதத்தில் தரம் 4" என்று எழுதினால் நாலாம் வகுப்புக் கணிதமாகிவிடும். அவர்கள் கிரேடுக்குச் சித்தி என்கிறார்கள்: திறமைச் சித்தி, சாதாரண சித்தி. கைகூடுதல் என்னும் பொருளுள்ள வடசொல் அது. அழகான வழக்குதான், ஆனால் தமிழகத்துக் காதில் சிற்றன்னை என்றே விழும். மேலும் தேறாதவருக்கும் ஒரு கிரேடு உண்டே, அதைச் சித்தி என்று எப்படிச் சொல்வது? தரவரிசை என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். அது ரேங்க். ஒருவர்பின் ஒருவராக நிற்பது வரிசை. பலர் சேர்ந்து நிற்பது படி. தமிழகத்தில் பொதுத்தேர்வு முடிவில் மாநில முதலிடம் யார் என்று அறிவிப்பதை 2017இல் நிறுத்தியபோது நின்றது தரவரிசை. மதிப்பெண் அப்படியே தொடர்ந்தது. இரண்டையும் கலந்து எழுதினால் இந்தச் செய்தியைக்கூடச் சரியாகச் சொல்ல முடியாது.

நான் எழுதுவது தரநிலை. தரம் தகுதியைச் சொல்கிறது. நிலை நிற்கும் இடத்தைச் சொல்கிறது. நில் என்னும் வேரிலிருந்து வந்த நிலைக்குத் தமிழில் அடுக்கு என்ற பொருளும் பழையது. முல்லைப்பாட்டின் தலைவி இருப்பது எழுநிலை மாடத்தில். கோபுரத்தை ஐந்து நிலை, ஏழு நிலை என்று இன்றும் எண்ணுகிறோம். கால் ஊன்றும் படி என்று இலத்தீன் சொன்னதைத் தமிழ் நிற்கும் நிலை என்று சொல்கிறது. அந்தக் குறிப்பில் "ஆங்கிலத்திலும் கணிதத்திலும் தரநிலை 4 அல்லது அதற்கு மேல்" என்று திருத்தி, 9 உச்சம் என்று பக்கத்தில் ஒரு வரி சேர்த்து அனுப்பினேன்.

கிரேடிங் என்னும் வினைக்கு மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. தரப்படுத்தல் என்பது இலக்கணப்படி பொருந்தும், கேட்கவும் நன்றாக இருக்கும். ஆனால் ஈழத்தமிழருக்கு அது வெறும் சொல் அல்ல. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகம் புகத் தமிழ்மொழி மூலம் எழுதிய மாணவர்கள் சிங்களமொழி மூலம் எழுதியவர்களைவிடக் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டும் என்று வந்த ஏற்பாட்டின் பெயர் தரப்படுத்தல். வாங்கிய புள்ளி போதாமல் வீட்டில் நின்றுவிட்ட ஒரு தலைமுறை இன்னும் அந்தப் பெயரோடு வாழ்கிறது. அவர்களும் படிக்கும் தமிழில் விடைத்தாள் திருத்தும் வேலைக்கு அந்தச் சொல்லை வைக்க எனக்கு மனம் வரவில்லை. தரநிலை வழங்குதல் என்று இரண்டு சொல்லாகவே எழுதுகிறேன்.