உடைந்த துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

பெடல் ஸ்டீல் என்பது படுக்கவைத்து, பெடலை மிதித்தும் முழங்காலால் லீவரைத் தள்ளியும் தந்திகளின் சுருதியை மாற்றி வாசிக்கும் கிட்டார். அதைப் பழுது பார்க்கக் கொண்டு வருகிறவர்கள் பலர் கையோடு ஒரு புதுப் பாகத்தையும் கொண்டு வருகிறார்கள். "சார், பெல் கிராங்க் உடைஞ்சிருக்கு, வாங்கிட்டேன், மாட்டிக் கொடுங்க" என்பார்கள். பெடலின் அசைவை, தந்தியின் சுருதியை மாற்றும் ராடுக்கு (மெல்லிய கம்பிக்கு) கடத்துகிற சிறு கைதான் பெல் கிராங்க். பெட்டியை, அதாவது கிட்டாரின் உடலை, தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்ததுமே அது பொருந்தாது என்று தெரிந்துவிடும். அப்படி ஒருவர் கொண்டுவந்த பாகம் பளபளப்பாக, நல்ல வேலைப்பாட்டோடு இருந்தது. ஆனால் அதன் துளை வட்டம், அதை மாட்டவேண்டிய குறுக்குத் தண்டோ, அதாவது அவர் கிட்டாரின் கிராஸ் ஷாஃப்டோ, அறுகோணம். உடைந்த பழையது எங்கே என்று கேட்டேன். புதுசு வந்ததும் குப்பையில் போட்டுவிட்டாராம். எனக்கு வயிறு எரிந்தது. அந்தத் துண்டு இருந்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

சாதாரண கிட்டாருக்குப் பாகம் வாங்குகிற பழக்கத்தில் இதை அணுகுவதால்தான் இப்படி ஆகிறது. பெடல் ஸ்டீலுக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவு என்று ஒன்று உருவாகவே இல்லை. 1950களில் ஷாட் ஜாக்சனும் பட்டி எம்மன்ஸும் சேர்ந்து ஷோ-பட் கிட்டார்களைச் செய்தார்கள். 1963இல் எம்மன்ஸ் தனியாகக் கம்பெனி தொடங்கியபோது வேறொரு இயக்கமுறையைக் கொண்டுவந்தார். அதில் சுருதி ஏற்றுவதற்கு ராடின் இழுப்பு, இறக்குவதற்குத் தள்ளல். இன்று பெரும்பாலும் செய்யப்படுபவற்றில் இரண்டுக்குமே இழுப்புதான். ஃபெண்டர் 400, 1000 மாடல்களில் ராடுக்குப் பதிலாக எஃகுக் கேபிள் ஓடும். மூன்றும் வெளியே பார்க்க ஒரே குடும்பம், உள்ளே மூன்றும் வெவ்வேறு யந்திரங்கள். ஒரே கம்பெனியிலும் சில ஆண்டு இடைவெளியில் அடிப்பக்கம் மாறியிருக்கும். அதனால் கம்பெனிப் பெயரை மட்டும் சொல்லிப் பாகம் கேட்காதீர்கள். அடிப்பக்கத்தை முழுதாக ஒரு படம், உடைந்த இடத்தின் பக்கத்தில் அளவுகோலை வைத்து இன்னொரு படம், சீரியல் எண் இருந்தால் அதுவும் சேர்த்து அனுப்புங்கள். இந்தப் பாகங்களைச் செய்கிற சிறு பட்டறைக்காரர்கள் படத்தைப் பார்த்தே எந்தக் காலத்துப் பெட்டி என்று சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று, அங்குல அளவு. இவை அமெரிக்காவில் பிறந்த கருவிகள் என்பதால் பழைய பெட்டிகளில் மரையும் துளையும் எல்லாமே அங்குலக் கணக்குதான். இழுக்கும் ராடு, அதாவது புல் ராடு (pull rod), பல கிட்டார்களில் 3/32 அங்குலம், அதாவது ஏறக்குறைய 2.38 மி.மீ. கடையில் 2.5 மி.மீ. கம்பி எளிதில் கிடைக்கிறதே என்று வாங்குவார்கள். அது துளைக்குள் போகாது. உடனே துளையைப் பெரிதாக்குவார்கள். அப்புறம் சரியான ராடு கிடைத்தாலும் துளையில் ஆடும், சுருதி நிற்காது. ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு வித்தியாசத்துக்காக, தந்திகளின் சுருதியை ஏற்றி இறக்கும் சேஞ்சர் என்ற பகுதியையே கெடுத்துக்கொள்வது எவ்வளவு பெரிய நஷ்டம்! முதலில் ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்குங்கள், பாகம் பிறகு.

சரி, பாகம் உண்மையிலேயே போய்விட்டதா? இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். எட்டாவது தந்தியை E-யிலிருந்து இறக்கிவிட்டு லீவரை விட்டால் அது பழைய இடத்துக்குத் திரும்பாமல் சற்றுக் கீழேயே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் பல வருடங்களாக விட்ட எண்ணெய் தூசியோடு சேர்ந்து பிசினாகி, சேஞ்சரின் ஃபிங்கர்களை (ஒவ்வொரு தந்தியும் வளைந்து போகும் அசையும் துண்டுகளை) ஒன்றோடொன்று ஒட்டவைத்திருப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நாஃப்தா என்ற கரைப்பானை விட்டுப் பெடலை மிதித்து மிதித்துக் கழுவினால் கறுப்பாக ஒழுகும். தீப்பற்றும் திரவம், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். நன்றாக உலர்ந்தபின் தையல் இயந்திர எண்ணெய் போன்ற மெல்லிய எண்ணெய் ஒவ்வொரு சொட்டு போதும். இதற்குப் பிறகும் தந்தி திரும்பவில்லை என்றால்தான் ஸ்பிரிங். அப்போதும் இழுபட்டுப்போன ஸ்பிரிங்கின் நீளத்தை அளக்காதீர்கள், அது பொய் சொல்லும். பக்கத்தில் இருக்கும் நல்ல ஸ்பிரிங்கைக் கழற்றி, கம்பியின் தடிமன், வெளி விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, நீளம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தந்தி அடிக்கடி அறுகிறது என்று ஃபிங்கரையே மாற்றக் கேட்பவர்களும் உண்டு. E9 என்ற சுருதியமைப்பில் அதுதான் மெல்லிய தந்தி, G ஷார்ப்பிலிருந்து A-க்கு ஓயாமல் ஏறி இறங்குகிறது. அது வளையும் இடத்தில் ஃபிங்கரின் தலையில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்படும். தந்தி போகும் திசையிலேயே, வளைவு கெடாமல் 600, பிறகு 1500 எண் உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வால்யூம் பெடலில் கரகரப்பு வந்தால் அதன் பாட்டை (pot, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மின்தடையை) மாற்றத்தான் வேண்டும். வழக்கமாக 500 கிலோ ஓம். ஆனால் கிட்டாரில் எப்போதாவது திருப்பும் சாதாரண பாட்டைப் போட்டால் தாங்காது. இங்கே கால் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருப்பதில்லை.

மனதுக்குக் கஷ்டமானது வார்ப்பு உலோகம்தான். 1970களின் ஷோ-பட் உட்படச் சில கிட்டார்களின் அடிப்பக்கத்தில் துத்தநாகக் கலவையில் வார்த்த பாகங்கள் வந்தன. வயதாக ஆக அவை விரிசல் விட்டு, பிஸ்கட் உடைவதுபோல் உடைகின்றன. தயவுசெய்து வெல்டிங் கடைக்கு எடுத்துப் போகாதீர்கள். துத்தநாகம் சுமார் 420 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். பற்றவைக்கப் போய், பாகம் உருவமே தெரியாமல் வழிந்து போனதைப் பார்த்திருக்கிறேன். பசை போட்டு ஒட்டினாலும் பெடலின் இழுப்பைத் தாங்காது. அதே வடிவத்தில் அலுமினியத்திலோ பித்தளையிலோ கடைந்து போடுவதுதான் வழி. அதற்கு மாதிரி வேண்டும். உடைந்த இரண்டு துண்டுகளும் கையில் இருந்தால் சேர்த்துவைத்து அளந்துவிடலாம்.

அந்த மனிதர் மாதிரியைத்தான் தூக்கிப் போட்டுவிட்டாரே, என்ன செய்வது? அவருடையது இரட்டைக் கழுத்துக் கிட்டார், ஒன்று E9, மற்றது C6 என்ற வேறொரு சுருதியமைப்பு. E9 மட்டும்தான் வாசிப்பார், C6 பக்கத்துப் பெடல்களில் கால் வைத்ததே இல்லை. ஒரே பெட்டி, ஒரே வருடம், ஒரே கைவேலை. C6 பக்கத்திலிருந்து ஒரு பெல் கிராங்க்கைக் கழற்றி மாட்டினேன். அறுகோண ஷாஃப்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. நின்றுபோயிருந்த B பெடல் அன்றே வேலை செய்தது. பிறகு அதையே லேத் பட்டறைக்குக் கொடுத்து, அதே அளவில் அலுமினியத்தில் இரண்டு செய்து வாங்கினோம். ஒன்று C6 பக்கத்துக்குப் போனது, இன்னொன்றை அவர் கிட்டாரை எடுத்துச் செல்லும் உறைப்பெட்டிக்குள் ஒரு சின்ன டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். போன மாதம் ஒரு திருகு தேய்ந்து போனது. பழைய திருகும் அதே டப்பாவில்தான் கிடந்தது.