ரக்மேன்: வைக்கோற்போரிலிருந்து வந்த ஒரு விளையாட்டுச் சொல்

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் ஓர் அணி தொடர்ந்து இரண்டு மூன்று ஆட்டங்களில் தோற்றுவிட்டால், ரசிகர்களின் பேச்சு விரைவில் ரக்மேனிடம் வந்து நிற்கும். ‘நாற்பது முறை பந்தைத் தட்டியிருக்கிறார், இன்னும் என்ன செய்ய வேண்டும்’ என்பார் ஒருவர். ‘தட்டினார், சரி, தட்டியபின் எங்கே போனார்’ என்பார் அடுத்த இருக்கைக்காரர். ஒரே ஆட்டத்தை ஒரே இடத்திலிருந்து பார்த்த இருவர் இப்படி எதிரெதிராகத் தீர்ப்புச் சொல்வதற்கு, அந்த வீரரின் ஆட்டம் மட்டும் காரணமன்று. ‘ரக்’ என்ற சொல்லுக்குள்ளேயே இரண்டு பொருள்கள் குடியிருக்கின்றன. ஒருவர் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார், மற்றவர் மற்றதை.

முதலில் பணியைச் சொல்லிவிடுவோம். களத்தில் அணிக்கு 18 பேர். ஆட்டம் தொடங்கும்போதும் ஒவ்வொரு கோலுக்குப் பின்னும் பந்து மைதானத்தின் நடுவட்டத்துக்குத் திரும்புகிறது. நடுவர் பந்தை மேலே எழுப்ப, இரு அணிகளிலிருந்தும் ஒவ்வொருவர் ஓடிவந்து எம்பிக் குதித்து, அதைத் தம் தோழர் நிற்கும் பக்கம் தட்டிவிட முயல்கிறார்கள். கூடைப்பந்தின் தொடக்கத்தில் இருவர் துள்ளிப் பந்தைத் தட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. ஆனால் கூடைப்பந்தில் அது அரிதாக நிகழ்வது, இங்கோ ஆட்டம் முழுதும் திரும்பத் திரும்ப நிகழ்வது. எல்லைக்கோட்டிலிருந்து பந்து உள்ளே எறியப்படும்போதும், ஆட்கள் குவிந்து பந்து சிக்கிக்கொள்ளும்போதும் இதே போட்டிதான். இப்படித் துள்ளுபவரே ரக்மேன். அணியின் மிக உயரமானவர் பெரும்பாலும் இவர்தான். ஃப்ரீமேன்டில் அணிக்கு ஆடிய ஆரன் சாண்டிலாண்ட்ஸ் 211 சென்டிமீட்டர் உயரம். ஓடிவரும் இரு பெரும் உடல்கள் முழங்காலோடு முழங்கால் மோதிக் காயங்கள் பெருகியதால், 2005 இல் நடுவில் 10 மீட்டர் விட்டமுள்ள வட்டம் ஒன்றை வரைந்து, ஓட்டத்தின் நீளத்தைக் கட்டுப்படுத்தினார்கள்.

இனிச் சொல்லுக்கு வருவோம். இடைக்கால ஆங்கிலத்தில் இச்சொல் எரிப்பதற்காக அடுக்கிவைத்த விறகுக் குவியலைக் குறித்தது. அது வடநாட்டு மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்த சொல். நார்வே மொழியில் அதன் உறவுச்சொல்லுக்கு வைக்கோற்போர் என்றே பொருள். குவியல் என்பதிலிருந்து, ஒழுங்கின்றிக் குவிந்த ஆட்கள் என்ற பொருளுக்கு அது நகர்ந்தது. 19 ஆம் நூற்றாண்டுக் குதிரைப் பந்தயங்களில், முன்னணியில் ஓடும் இரண்டு மூன்று குதிரைகளைத் தவிர்த்து, பின்னால் மொத்தமாக வரும் பெயர் தெரியாத கூட்டத்துக்கு இச்சொல் வழங்கியது. அங்கிருந்து, தனித்துத் தெரியாத சாதாரண மக்கள் என்ற பொருளும் கிளைத்தது. நம் வழக்கில் ‘கும்பலோடு கோவிந்தா’ என்பதற்கு மிக நெருங்கிய இடம் அது. கூட்டத்தில் ஒருவனைக் குறித்த சொல், மைதானத்திலேயே யாராலும் தவறவிட முடியாத நெட்டை மனிதருக்குப் பெயராக அமைந்தது ஒரு வேடிக்கை. தோல்வி வந்தால் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும் வசதியும் அவருக்கு மட்டும் இல்லை.

ஒலி ஒற்றுமையைக் கண்டு ஏமாறக் கூடாத இரண்டு சொற்கள் உண்டு. துணியில் விழும் சுருக்கத்தைக் குறிக்கும் ஆங்கில ‘ரக்’, பழைய நார்ஸ் மொழியின் வேறொரு சொல்லிலிருந்து தனியாக வந்தது. முதுகில் மாட்டும் ‘ரக்சாக்’ பையோ ஜெர்மன் மொழியில் முதுகைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. ரக்பி ஆட்டத்தின் ‘ரக்’ மட்டும் நம் சொல்லின் உடன்பிறப்பு. எனினும் அங்கே அது ஓர் ஆளையோ பணியையோ குறிப்பதில்லை. தரையில் கிடக்கும் பந்தின் மேல் இரு அணியினரும் நின்றபடி நெருக்கித் தள்ளும் நிலையை அது குறிக்கிறது. ரக்பி பார்த்துப் பழகியவர்கள் ஆஸ்திரேலிய விதி ஆட்டத்துக்கு வரும்போது முதலில் தடுமாறும் இடம் இதுதான்: ஒன்றில் பந்து தரையில், மற்றொன்றில் அது தலைக்கு மேலே.

மெல்பர்னில் 1859 மே மாதத்தில் இந்த ஆட்டத்தின் முதல் விதிகள் எழுதப்பட்டன. அதன் தொடக்க காலத்தில் பெரும்பாலான ஆட்டக்காரர்கள் அவரவர் இடத்தில் நிற்க, சிலர் மட்டும் பந்து போகுமிடமெல்லாம் பின்தொடர்ந்து ஓடினார்கள். அவர்களுக்குப் ‘பின்தொடர்வோர்’ என்று பொருள்படும் பெயரே இருந்தது. இன்றும் அணிப்பட்டியலில் அப்பெயர் அச்சாகிறது. பந்தைச் சுற்றித் திரளும் அந்தக் குழு முழுவதற்குமான பெயர்தான் ரக். பிற்காலத்தில் அக்குழு மூவராக நிலைபெற்றது. அவர்களுள் பெரிய உடலாளர் ரக்மேன். தரையில் விழும் பந்தைப் பொறுக்கி ஓடும் சிறிய உருவத்தவர் ரோவர். இருவருக்கும் இடைப்பட்டவர் ரக்-ரோவர். மூன்றாவது பெயருக்கு வடிவம் தந்தவர், 1950களில் நார்ம் ஸ்மித் பயிற்றுவித்த மெல்பர்ன் அணியின் ரான் பராசி. ரக்மேனாக நிற்க உயரம் போதாது, ரோவராக ஓட உடல் பெரிது. அவருக்காகவே ஓர் இடம் உருவானது போல் ஆயிற்று. இன்று ரோவரும் ரக்-ரோவரும் நடுக்கள வீரர்கள் என்ற பொதுப் பெயருக்குள் கரைந்துவிட்டார்கள். மூவருக்கும் உரியதாக இருந்த ‘ரக்’, எஞ்சி நின்ற ஒருவரின் தனிச்சொத்தாகிவிட்டது. ரசிகர்களின் வழக்குக்கு வித்து இந்தச் சுருக்கத்தில்தான் கிடக்கிறது. குழுப்பெயராக இருந்தபோது பந்தைப் பின்தொடர்வது அதன் உட்பொருள். தனியொருவர் பெயரானபின் துள்ளித் தட்டுவது அதன் முதற்பொருள் ஆகிவிட்டது.

பழைய பொருளை மறக்கவிடாமல் செய்தவர்களுள் தலைமையானவர் கிரஹாம் ஃபார்மர். ‘போலி’ என்ற செல்லப்பெயரால் அறியப்பட்டவர்; தமிழில் எழுதும்போது அப்பெயர் படும் பாட்டைச் சொல்லி மாளாது. மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஜீலாங் அணிக்கு வந்து, 1963 இல் அந்த அணி வாகை சூடியபோது அதில் ஆடினார். துள்ளி எழுந்து பந்தைத் தட்டுவதோடு நில்லாமல், அதைக் கைப்பற்றி, ஓடிவரும் தோழருக்குக் கைக்குத்தால் நெடுந்தொலைவு அனுப்பும் முறையை ஒரு தாக்குதல் கருவியாகவே வளர்த்தவர் அவர். அவரோடு மோதிய கார்ல்டன் அணியின் ஜான் நிக்கல்ஸ் 189 சென்டிமீட்டர்தான். இன்றைய அளவில் நடுக்கள வீரரின் உயரம். உடலை எங்கே நிறுத்துவது, எதிராளியின் ஓட்டத்தை எப்படி மறிப்பது என்ற கணக்கில் அவர் வாழ்ந்தார். ஆகவே ரக்மேன் என்றாலே உயரம் என்று எண்ணுவதும் அண்மைக் காலத்துப் பழக்கமே.

வாதத்தில் அடிக்கடி அடிபடும் துணைச்சொற்களையும் அறிய வேண்டும். ரக்மேன் தட்டியிறக்கும் ஒவ்வொரு பந்தும் ‘ஹிட்-அவுட்’ என்று எண்ணப்படுகிறது. அவற்றுள் தம் அணித் தோழரின் கைக்கு நேரே சென்றவை மட்டும் தனியே கணக்கிடப்படுகின்றன. இவ்விரு எண்களுக்கும் இடையே உள்ள தொலைவில்தான் பாதிச் சண்டை நடக்கிறது. தட்டிய பந்தை எதிரணியின் கெட்டிக்காரர் இடையில் புகுந்து கொத்திக்கொண்டு போனால், அவர் ‘சுறா’வைப் போல் பறித்தார் என்பது அங்குள்ள பேச்சு, அப்போது தட்டு ரக்மேன் கணக்கிலும் பலன் எதிரி கணக்கிலும் ஏறுகிறது. முதன்மை ரக்மேன் மூச்சு வாங்கும் சில நிமிடங்களுக்கு வேறொருவர் அவ்விடத்தில் நிற்பதும் ஒரு தனிப்பணி. அதற்கு ஆள் வைத்தால் முன்களத்தில் ஒரு வேகக்காரரின் இடம் போய்விடும். 2017 பருவத்திலிருந்து இப்போட்டிகளில் அணிக்கு ஒருவர் மட்டுமே துள்ளலாம், மூன்றாம் ஆள் குறுக்கே எழக் கூடாது என்று விதி செய்தார்கள். அதன்பின் நல்ல ரக்மேனின் விலை கூடியது. எதிர்பார்ப்பும் கூடவே கூடியது.

இந்தக் கூடிய விலைக்கும் எதிர்பார்ப்புக்கும் நடுவே அகப்பட்டவர் பிராடி கிரண்டி. கோலிங்வுட் அணியில் 2018, 2019 ஆகிய இரண்டு பருவங்களிலும், நாடெங்குமுள்ள சிறந்த வீரர்களைப் பொறுக்கிப் பெயரளவில் அறிவிக்கும் ‘அனைத்து ஆஸ்திரேலிய அணி’யில் இடம்பெற்றார். அவ்விரு ஆண்டுகளிலும் கழகத்தின் சிறந்த வீரருக்கான விருதும் அவருக்குக் கிடைத்தது, முதலாண்டில் இன்னொருவரோடு பகிர்ந்து. பந்தைத் தட்டிவிட்டு, அதே பந்தின் பின்னால் தானே ஓடி, தரைப்பந்துக்கும் குனிந்த அவரை, கூடுதலாகக் கிடைத்த ஒரு நடுக்கள வீரர் என்றே ரசிகர்கள் கொண்டாடினார்கள். பழைய பொருளும் புதிய பொருளும் ஓர் உடலில் கூடியிருந்த காலம் அது. 2020 இன் தொடக்கத்தில் ஏழாண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்தப் பருவத்தில் அவர் ஆட்டம் முந்தைய உயரத்தை எட்டவில்லை. அன்று முதல் தட்டுகளின் எண்ணிக்கையைக் காட்டி ஒரு சாரார் காத்தார்கள். ஏழாண்டுச் சம்பளத்துக்கு வெறும் தட்டு போதாது என்று மறுசாரார் கேட்டார்கள். 2022 இல் முழங்காலில் காயம்பட்டுப் பெரும்பாலான ஆட்டங்களை இழந்தார். பருவ முடிவில், சம்பளத்தில் ஒரு பகுதியைத் தானே தொடர்ந்து கொடுக்கும் ஏற்பாட்டோடு, கோலிங்வுட் அவரை மெல்பர்ன் அணிக்கு அனுப்பியது.

அங்கே ஏற்கெனவே இருந்தவர் மேக்ஸ் கான், அணித்தலைவர், 2021 இல் 57 ஆண்டு வறட்சியை முடித்துக் கோப்பையைக் கையில் ஏந்தியவர். நாட்டின் மிகச் சிறந்த இரு ரக்மேன்கள் ஓரணியில் என்றபோது எல்லாருக்கும் வாய் ஊறியது. ஆனால் துள்ளும் இடம் ஒன்றுதானே? ஒருவர் துள்ளும்போது மற்றவர் முன்களத்தில் நின்று கோலடிக்க வேண்டும். கிரண்டிக்கு அந்த வேலை ஒட்டவில்லை. 2023 பருவத்தின் பிற்பகுதியில் அவர் இரண்டாம் நிலை அணியில் ஆட நேர்ந்தது. அவரை அனுப்பிவிட்ட கோலிங்வுட் அதே ஆண்டு பிரிஸ்பேனை 4 புள்ளிகளில் வென்று கோப்பையை எடுத்தது. ‘பார்த்தீர்களா’ என்று சொல்ல ஒரு சாராருக்கு அதுவே போதுமாயிற்று. அடுத்த பருவத்தில் அவர் சிட்னிக்குப் போய், முதன்மை ரக்மேனாக நின்று, 2024 இறுதியாட்டம் வரை ஆடினார். ‘பார்த்தீர்களா’ என்று மறுசாரார் சொல்ல அதுவும் போதுமாயிற்று. என் எண்ணத்தில் அந்த ஆட்டக்காரர் அவ்வளவாக மாறவில்லை. மூன்று கழகங்களும் ‘ரக்’ என்ற சொல்லுக்கு மூன்று பொருள் கொண்டிருந்தன.

ரக்மேன் இன்றியமையாதவரா என்ற கேள்வியை இன்னும் தூக்கலாக எழுப்பியது 2017 இல் வாகை சூடிய ரிச்மண்ட் அணி. டோபி நான்கெர்விஸ் ஒருவரே அதன் முழுநேர ரக்மேன். அவர் இளைப்பாறும்போது துள்ளியவர் ஷான் கிரிக் என்னும் நடுக்கள வீரர். தட்டில் தோற்றாலும் தரையில் வெல்லலாம் என்பது அவர்கள் கணக்கு. பொறுமைக்கு ஆதரவாகப் பேசுபவர்களோ கானையே சாட்சிக்கு அழைப்பார்கள்: 2011 இல் முதல் ஆட்டம், இடையில் முழங்கால் அறுவைகள், அனைத்து ஆஸ்திரேலிய அணியில் முதன்முறை இடம்பிடித்தது 2016 இல். உயரமானவர்கள் தாமதமாகவே முற்றுகிறார்கள் என்பது அங்கே பழமொழி போலப் புழங்கும் நம்பிக்கை.

தமிழில் என்ன சொல்வது? எளிதாகத் தோன்றுவது ‘தட்டுநர்’ அல்லது ‘பந்துதட்டி’. இதை நான் ஏற்கவில்லை. மேலே சொன்ன வழக்கில் ஒரு கட்சியின் தீர்ப்பை அது பெயரிலேயே எழுதிவிடுகிறது. தட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று பொருள்படும். வேர்ப்பொருளைத் தேடிப் போனால் தமிழில் ஒரு வியப்பு காத்திருக்கிறது. ‘போர்’ என்ற சொல் சண்டையையும் குறிக்கிறது, வைக்கோலையோ நெற்கதிரையோ உயர அடுக்கிய குவியலையும் குறிக்கிறது. அகராதிகள் இரண்டையும் தனித்தனிச் சொற்களாகப் பதிவு செய்தாலும், போர்க்களத்தை நெற்களமாகக் கண்டு பிணக்குவியலைக் கதிர்ப்போராகப் பாடிய ‘ஏர்க்கள உருவகம்’ என்னும் பழைய துறை இரண்டையும் நம் மனத்தில் என்றோ இணைத்துவிட்டது. வைக்கோற்போரில் தொடங்கி மோதலில் முடிந்த ஆங்கிலச் சொல்லுக்கு இதைவிடப் பொருந்தும் இணை கிடைக்காது. ஆனாலும் ‘போர்வீரர்’ என்று எழுதினால் வாசகர் வாளையும் கேடயத்தையும் தேடுவார். அதனால் மனமின்றி விட்டுவிடுகிறேன்.

‘மொய்’ அடுத்தது. நெருக்கம், கூட்டம், போர், வலிமை என்று இதற்கு அகராதியில் உள்ள பொருள்கள் அனைத்தும் ரக்கைச் சுற்றியே வருகின்றன. ஆனால் ‘மொய்யாளர்’ என்றதும் கல்யாண மண்டப வாசலில் நோட்டுப்புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவரே நினைவுக்கு வருவார். எஞ்சுவது ‘திரள்’. சோற்றுத்திரள், மேகத்திரள் என்னும்போது குவியல். மக்கள்திரள் என்னும்போது கூட்டம். குவியலிலிருந்து கூட்டத்துக்கு ஆங்கிலச் சொல் நடந்த வழியிலேயே இதுவும் நடந்திருக்கிறது. பந்தைச் சுற்றித் திரள்வது என்ற ஆதிப்பொருளும் கெடவில்லை. ஆகவே ரக்மேனைத் ‘திரள்வீரர்’ என்றும், துள்ளிப் போட்டியிடும் தருணத்தைத் ‘திரள்போட்டி’ என்றும் வழங்கலாம். ஹிட்-அவுட் ‘தட்டிறக்கம்’ ஆகலாம். தோழர் கைக்குச் சேர்ந்தது ‘கைசேர்ந்த தட்டிறக்கம்’. ரோவருக்குத் ‘திரிவீரர்’ பொருந்துகிறது. ரக்-ரோவரைத் ‘திரள்திரிவீரர்’ என்று வருணனையாளர் ஒருவர் விரைந்து சொல்லிப் பார்க்கட்டும். நாக்கு சுளுக்கிக்கொண்டால் பொறுப்பு என்னுடையதன்று. அந்தப் பணியே மறைந்து வருவதால் அதைப் ‘பராசியின் இடம்’ என்று சொன்னாலும் விவரம் தெரிந்தவர்களுக்கு விளங்கும்.

பேச்சில் ரக்மேன் என்பதே நிலைக்கும். அதில் குறையொன்றும் இல்லை. எழுத்தில் இருவகை வழக்கு வரலாம். இலங்கைத் தமிழ் நாளிதழ்கள் ‘றக்பி’ என்று வல்லின றகரத்தால் எழுதுவதால், அங்கிருந்து மெல்பர்னுக்குக் குடியேறியவர்கள் ‘றக்’ என்று எழுதுவதே இயல்பு. தமிழ்நாட்டார் ‘ரக்’ என்பார்கள். 2017 இல் பெண்களுக்கான தேசியப் போட்டி தொடங்கிய பிறகு, ஆணைக் குறிக்கும் பின்னொட்டு தேவையற்றதாகிவிட்டதால், ஆங்கிலத்திலேயே வெறும் ‘ரக்’ என்று ஆளைச் சுட்டும் வழக்கு வலுத்துவருகிறது. ‘திரளர்’ என்று சுருக்கிக்கொண்டால் தமிழிலும் இருபாலாருக்கும் அது செல்லும்.