ஜிகர்தண்டால போடுற கடல்பாசியும் உங்க கல்ச்சர் ரிப்போர்ட்டும்

"தங்கச்சி, காலைல யூரின் குடுத்தேன்ல, ரிப்போர்ட் ரெடியா?" மேலூர்ல இருந்து வந்த அண்ணன் ஒருத்தர், சாயங்காலம் அஞ்சு மணிக்கு எங்க லேப் கவுண்டர்ல நிக்கிறாரு. கல்ச்சர்ண்ணே, மூணு நாள் ஆகும்னதும் மூஞ்சி மாறிப்போச்சு. "சுகர் மட்டும் ஒரு மணி நேரத்துல தர்றீக?"

சுகர் ரத்தத்துல ஏற்கனவே இருக்கு, அளந்தா போதும். கல்ச்சர்னா யூரின்ல இருக்கற கிருமியை வளத்துப் பாக்குறது, நாத்து பாவுற மாதிரிண்ணே, வெதச்ச அன்னைக்கே பிடுங்க முடியாது. கம்பி வளையத்துல துளியூண்டு யூரினைத் தொட்டு பிளேட்ல இழுத்து 37 டிகிரி இன்குபேட்டர்ல ராத்திரி பூரா வைப்போம், ஈ.கோலை மாதிரி கிருமி நல்லா தீனி கிடைச்சா 20 நிமிஷத்துக்கு ஒருக்கா ரெண்டாகும், எட்டு மணி நேரத்துல ஒண்ணு ஒன்றரைக் கோடியைத் தாண்டிரும், காலைல பாத்தா புள்ளி புள்ளியா நிக்கும். அதை எடுத்து இன்னொரு பிளேட்ல தேச்சு, ஆன்டிபயாடிக் ஊறவச்ச குட்டிக் குட்டி பேப்பர் டிஸ்க் வச்சு இன்னொரு ராத்திரி. எந்த டிஸ்க்கைச் சுத்தி ஒண்ணும் முளைக்காம வெறும் வட்டமா கிடக்கோ அந்த மருந்து கேக்கும்.

அந்த பிளேட்ல கூழ் மாதிரி இருக்கறது என்னன்னு நெனைக்கிறீக? அகர், நம்ம ஜிகர்தண்டால மெதக்குற அதே கடல்பாசி! (பாதாம் பிசின் தான் ஒரிஜினல்னு சண்டைக்கு வராதீங்க.)

கிருமியை முதல்ல பாத்து சொன்னது ஹாலந்து டெல்ஃப்ட் ஊரு லேவன்ஹூக், நம்ம மதுரை விளக்குத்தூண் அண்ணாச்சிங்க மாதிரி துணி வியாபாரி. மிளகு ஏன் காரமா இருக்குன்னு பாக்க தண்ணில ஊறப்போட்டு, தானே தேச்ச லென்ஸ்ல பாத்தா குட்டிக் குட்டியா உசுருங்க நெளியுது, 1676ல லண்டன்ல இருக்கற விஞ்ஞானிங்க சங்கம் ராயல் சொசைட்டிக்கு லெட்டர் போட்டாரு. பாத்தாச்சு, ஆனா தனித்தனியா பிரிச்சு வளக்கத் தெரியாம இன்னும் 200 வருஷம் ஓடிருச்சு.

ஜெர்மனில ராபர்ட் கோக்னு ஒரு டாக்டர் அவிச்ச உருளைக்கிழங்கை வெட்டி அதுமேல வளத்துப் பாத்தாரு, அப்புறம் ஜெலட்டின். ஜெலட்டின் 37 டிகிரில உருகி ஓடிரும், போதாததுக்கு சில கிருமி அதையே தின்னுரும். அவர் லேப்ல வேலை பாத்த ஹெஸ்ஸியோட சம்சாரம் ஃபேனி, வீட்ல ஜெல்லி செய்ய அகர் தான் போடுவாங்க, ஜாவால இருந்துட்டு வந்தவங்ககிட்ட பழகுனது, இதைப் போட்டுப் பாருங்கன்னு 1881ல சொன்னாங்க. அகர் இறுகுறது 40 டிகிரி பக்கம், இறுகிட்டா திரும்ப உருக 85 டிகிரி வேணும், நம்ம சித்திரை வெயில்ல கரண்ட் போனாலும் அசையாது. 1882ல கோக் டிபி கிருமியைக் கண்டுபிடிச்சு எழுதுனதுல அகரைச் சொன்னாரு, அந்தம்மா பேரைச் சொல்லல. 1887ல மூடி போட்ட தட்டு கொண்டுவந்த பெட்ரி பேரை நாங்க தினம் நூறு தடவை சொல்றோம், சாப்பாட்டு யோசனை சொன்னவங்களை மறந்தாச்சு. எனக்கு இதுல இன்னைக்கும் கடுப்பு தான். இத்தனைக்கும் மண்டபம் பக்கம் பொம்பளைங்க கடல்ல முங்கி இந்தப் பாசியை எடுக்குறாங்க, அதைக் காய்ச்சி அகர் எடுக்குற கம்பெனி நம்ம மதுரைலயே இருக்கு.

சரி, மேலூர் அண்ணன். மறுநாள் பிளேட் சுத்தமா இருக்கு, ஒரு புள்ளி இல்ல, ஆனா மைக்ரோஸ்கோப்ல சீழ் செல் அள்ளுது. போன் போட்டுக் கேட்டா, போன வருஷம் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் ரெண்டு முந்துன ராத்திரி போட்டாராம். பாதி செத்த கிருமி பிளேட்ல எங்க வளரும்? மாத்திரையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சாம்பிள் குடுத்துருங்க, போட்டுட்டீங்கன்னா எந்த மாத்திரைன்னு கவுண்டர்லயே சொல்லிருங்க, மறைக்காதீங்க. முதல்ல வர்ற யூரினை விட்டுட்டு நடுவுல வர்றதைப் பிடிங்க, ரெண்டு மணி நேரத்துக்குள்ள லேப்புக்கு வந்துரணும், பஸ்ல வெயில்ல வச்சுக் கொண்டுவந்தா வழியிலயே பல மடங்கு பெருகிரும்.

டாக்டர்கிட்ட கேட்டுட்டு மறுபடி குடுக்க வாங்கண்ணேன்னேன். "வர்றேன் தங்கச்சி, காசு திரும்பக் கட்டணுமா?"

கட்டணும்ணே.