மணல் வடிகட்டி வைத்தாலும் கொதிக்க வைப்பதை விடாதீர்கள்

போன மழைக்காலத்தில் ஓர் அக்கா எங்கள் தண்ணீர் பரிசோதனைக் கூடத்துக்கு இரண்டு பாட்டில் கொண்டுவந்தார். ஒன்றில் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர், செம்மண் கரைந்து டீ நிறத்தில் இருந்தது. மற்றதில் அதே தண்ணீர், மகன் பிளாஸ்டிக் டிரம்மில் செய்துகொடுத்த வடிகட்டியில் இறங்கி வந்தது. பளிங்கு மாதிரி இருந்தது. "பத்து நாளா இதைத்தான் குடிக்கிறோம் மேடம். சின்னவனுக்கு மட்டும் வயித்துப்போக்கு நிக்கவே மாட்டேங்குது" என்றார்.

இரண்டையும் எச்2எஸ் குப்பியில் ஊற்றி வைத்தேன். மலக்கிருமி கலந்திருக்கிறதா என்று பார்க்க உதவும் சின்னக் கண்ணாடிக் குப்பி அது. கோடு வரை தண்ணீர் ஊற்றி, மூடி, ஒன்றிரண்டு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் போதும்; மலக்கிருமி இருந்தால் கறுத்துவிடும். மறுநாள் வந்து பார்த்தால் இரண்டு குப்பியுமே மை ஊற்றியது போலக் கறுத்துக் கிடந்தன.

அந்தப் பையன் தப்பாக எதுவும் செய்யவில்லை. கூழாங்கல், பெருமணல், கரி, நைஸ் மணல் என்று வரிசையாகத்தான் போட்டிருந்தான். ஆனால் மணல் பிடித்து வைப்பது சேற்றைத்தான். ஒரு மில்லிமீட்டருக்குள் ஏறக்குறைய ஆயிரம் பாக்டீரியாவை அடுக்கலாம். மணலின் இடுக்கில் அவை தாராளமாகப் புகுந்து வந்துவிடும். கரி வாடையையும் நிறத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அதுவே கிருமிக்குக் குடியிருப்பாகிவிடும்.

மணலே கிருமியை அடக்கும் முறையும் உண்டு. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் டேவிட் மான்ஸ் 1990களில் உருவாக்கிய உயிர்மணல் வடிகட்டி அப்படிப்பட்டது. அதில் மணலுக்கு மேலே எப்போதும் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும். நாள் ஆக ஆக மணலின் மேல்பரப்பில் நுண்ணுயிர்களால் ஒரு மெல்லிய படலம் உருவாகும். நோய்க்கிருமிகளைப் பெருமளவு தின்று குறைப்பது அந்தப் படலம்தான். அது முழுதாக வளர ஒரு மாதம் வரை ஆகும், தினமும் தண்ணீர் ஊற்றிவர வேண்டும். காயவிட்டால் படலம் செத்துவிடும். ஊற்றியவுடன் கடகடவென்று கொட்டும் வடிகட்டியில் இதற்கெல்லாம் வழியே இல்லை.

அதனால் செய்யாதீர்கள் என்று சொல்லவில்லை. கலங்கல் தண்ணீரில் குளோரின் போட்டால் பாதி சேற்றோடேயே வீணாகிவிடும், ஆகவே முதலில் தெளியவைப்பது நல்ல வேலைதான். மணலை மட்டும் சும்மா அலசிவிட்டுப் போடாதீர்கள். பக்கெட்டில் கொட்டி, கையால் கலக்கி, கலங்கலை உடனே சாய்த்துவிடுங்கள். பத்து தடவையோ இருபது தடவையோ, சாய்க்கிற தண்ணீர் தெளிவாக வரும்வரை இதையே செய்யுங்கள். சரியாக வந்ததா என்று பார்க்க, ஒரு கைப்பிடி மணலைக் கண்ணாடி டம்ளரில் போட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். நாலைந்து நொடியில் மணல் அடங்கியதும், டம்ளருக்குப் பின்னால் வைத்த விரல் ஓரளவு தெரிய வேண்டும். கடல் மணல் வேண்டாம், உப்பு இறங்கும்.

அதைச் செய்ய வசதி இல்லையா? சுத்தமான பழைய பருத்திச் சேலையை நாலு மடிப்பாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டுங்கள். வங்கதேசக் கிராமங்களில் இப்படி வடிகட்டிக் குடித்தவர்களிடம் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. காலராக் கிருமி தண்ணீரில் உள்ள நுண்ணிய மிதவை உயிரிகளில் ஒட்டிக்கொண்டிருக்கும்; துணியில் அவை சிக்கிவிடும். காலராவுக்குக் கிடைத்த இந்தப் பலனை எல்லாக் கிருமிக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எந்த வழியில் வடிகட்டினாலும் கடைசியில் அடுப்பில் ஏற்றுங்கள். வெதுவெதுப்பாக்கி இறக்குவது போதாது. தளதளவென்று கொதிக்க வேண்டும், அதற்கப்புறமும் ஒரு நிமிடம் விடுங்கள். ஆறியதும் குழாய் வைத்த பானையில் மூடி வையுங்கள். கொதிக்க வைத்த தண்ணீருக்குள் டம்ளரோடு கையும் போனால் பட்ட பாடெல்லாம் வீண்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் தண்ணீர் குடிப்பவர்கள் மணலையும் கரியையும் நம்பாதீர்கள். அங்கே பல இடங்களில் பிரச்சினை பாறையிலிருந்து கரையும் புளோரைடு. நம் தரநிலைப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. அதைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை ஏறும், போகப்போக எலும்பும் வளையும். தண்ணீரில் கரைந்துவிட்ட இதை மணல் தடுக்காது. கொதிக்க வைத்தால் தண்ணீர் வற்றி இன்னும் கூடத்தான் செய்யும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். குடிக்க அந்தத் தண்ணீரைப் பிடியுங்கள், போர் தண்ணீரைப் புழங்க வைத்துக்கொள்ளுங்கள். பழைய போரைப் பற்றிச் சந்தேகம் என்றால் ஊராட்சியில் கேளுங்கள். தண்ணீர் சோதிக்கும் பெட்டியும், அதில் பயிற்சி பெற்ற பெண்களும் பல கிராமங்களில் இருக்கிறார்கள்.

அந்த அக்கா அடுத்த வாரம் மூன்றாவது பாட்டிலோடு வந்தார். வடிகட்டி, கொதிக்க வைத்து, ஆறவைத்து எடுத்துவந்த தண்ணீர். இரண்டு நாள் வைத்திருந்து பார்த்தேன். குப்பி வெளிர் மஞ்சளாகவே இருந்தது.